விருத்தாசலம் சூளையில் ஒரு பூதம் வேகட்டும்!

உலகம் கொண்டாடும் ராட்சதப் பட அச்சோவியங்கள் கையால் இழுத்து அச்சிடப்படுகின்றன. அந்தக் கைத்தொழில் நம் ஊர்த் தெருக்களிலேயே இருக்கிறது. பூதங்களுக்கும் நம்மிடம் குறைவில்லை. பீங்கான் ஊரான விருத்தாசலத்தில் சூளையும் எரிகிறது. மூன்றையும் சேர்ப்பது எப்படி?

1997-ல் நியூயார்க்கில் சோதபீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு பழைய சினிமா போஸ்டர் 4,53,500 டாலருக்கு விலைபோனது. 1932-ல் வெளிவந்த ‘தி மம்மி’ படத்தின் போஸ்டர் அது. துணி சுற்றிய எகிப்தியப் பிணம் ஒன்று எழுந்து நிற்கும்; சிவப்பு உடையில் ஒரு பெண் அருகில் இருப்பாள். படம் தியேட்டரை விட்டுப் போனதும் கிழித்துப்போட வேண்டிய காகிதம். 20 ஆண்டு கழித்து, 2017-ல், 1931-ம் ஆண்டு ‘டிராகுலா’ போஸ்டர் ஒன்று 5,25,800 டாலருக்குப் போய் அதையும் தாண்டியது.

இரண்டுமே பேய்ப் படங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காதல் படங்களும் போர்ப் படங்களும் எத்தனையோ இருக்க, மனிதர்கள் பெரும் பணம் கொடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்வது தங்களைப் பயமுறுத்திய முகங்களைத்தான். அந்த ஆசை இன்று ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. ராட்சதப் படங்களைப் பார்த்து வளர்ந்த ஓவியர்கள், அந்தப் பூதங்களைத் தங்கள் பாணியில் புதிதாக வரைந்து, ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் ஒவ்வொரு நிறமாகக் கையால் அச்சிட்டு, எண் போட்டுக் கையெழுத்திட்டு விற்கிறார்கள். வாங்க வரிசை நிற்கிறது.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ரயில் சந்திப்பு என்றும், பழமலைநாதர் கோயில் இருக்கும் ஊர் என்றும், முந்திரிக்காடு சூழ்ந்த ஊர் என்றும் அதைப் பலருக்குத் தெரியும். அதே ஊர்தான் தமிழ்நாட்டின் பீங்கான் ஊர். பீங்கானின் மேல் நாம் பார்க்கும் பூவும் கொடியும் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பிறந்தவை. பூவை அச்சிடும் அதே முறையில் பூதத்தையும் அச்சிடலாம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

ஒரு இழுப்பு, ஒரு நிறம்

ஸ்கிரீன் பிரிண்டிங் நமக்கு அந்நியமான தொழில் அல்ல. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுக்கும் மஞ்சப்பையில் மணமக்கள் பெயர் இருக்கிறதே, அது இந்த முறையில் அச்சானது. கடை பெயர் போட்ட துணிப்பை, விசிட்டிங் கார்டு, கட்சிக்கொடி, ஸ்டிக்கர் என்று நம் அன்றாடத்தில் பாதி இதன் வழியாக வந்ததுதான். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. துணிப்பை திரும்பி வந்தால் அதில் பெயர் அச்சிடும் கைக்கும் வேலை வரும்.

மரச் சட்டம் ஒன்று. அதில் மெல்லிய மெஷ் துணியை முரசுத் தோல்போல விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு காலத்தில் அது பட்டு. இப்போது நைலான் அல்லது பாலியஸ்டர். 1907-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் பட்டுத் துணி வழியாக அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

மெஷ்ஷில் வெளிச்சம் பட்டால் இறுகும் கெமிக்கலை இருட்டறையில் பூசிக் காயவைக்கிறார்கள். அச்சிட வேண்டிய படத்தைக் கறுப்பில் எடுத்த பாசிட்டிவ் பிலிமை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். கறுப்புக்கு அடியில் இருந்த இடம் இளகியே இருக்கும். தண்ணீரில் கழுவினால் இளகிய பகுதி கரைந்து ஓடி, படத்தின் வடிவத்தில் மெஷ் திறந்துகொள்ளும். அடியில் காகிதத்தை வைத்து, சட்டத்தின் ஒரு ஓரத்தில் மையை ஊற்றி, ரப்பர் பட்டை பொருத்திய ஸ்கீஜியால் ஒரே அழுத்தமாக இழுத்தால், திறந்த கண்களின் வழியே மை இறங்கிக் காகிதத்தில் உட்கார்ந்துவிடும்.

கேட்க எளிது. கை பழக மாதக்கணக்கில் ஆகும். அழுத்தம் கூடினால் மை ஓரம் கசியும்; குறைந்தால் நடுவில் வெளுத்துப்போகும். கோணம் மாறினால் ஒரு பக்கம் தடிப்பும் மறுபக்கம் மெலிவுமாகும். வெயில் காலத்தில் மை மெஷ்ஷிலேயே காய்ந்து கண்ணை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் தேர்ந்த அச்சுக்காரர் இடைவெளி விடாமல் ஒரே லயத்தில் இழுத்துக்கொண்டே இருப்பார்.

ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பது இதன் அடிப்படை விதி. கடோத்கஜனை அச்சிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்கு ஒரு பச்சை, கிரீடத்துக்கு மஞ்சள், கண்ணுக்கும் நாக்குக்கும் சிவப்பு, கடைசியாக எல்லாவற்றையும் கட்டிப்பிடிக்கும் கறுப்பு. ஆக நான்கு ஸ்கிரீன். 100 படிகள் வேண்டுமென்றால் 400 இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் காயவைப்பு. மூன்றாவது நிறம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து விழுந்தாலும் கண் இருக்க வேண்டிய இடத்தை விட்டு விலகிவிடும். அதனால் கடையில் அதிகம் பேசப்படுவது நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்தும் ரெஜிஸ்ட்ரேஷன் பற்றித்தான். மேசையில் மூன்று இடங்களில் ஒட்டிய சிறு அட்டைத் தடுப்புகள் காகிதத்தை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்துகின்றன.

ராட்சதப் படங்களும் இந்தத் தொழில்நுட்பமும் ஒன்றுக்கொன்று இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் உண்டு. நுணுக்கமான நிழல்சாயல் ஸ்கிரீன் பிரிண்டுக்கு அவ்வளவு சுலபமாக வராது. தட்டையான, அடர்த்தியான நிறத்தில்தான் அதன் பலம் இருக்கிறது. பூதமோ முழுசாகத் தெரிந்தால் பயம் போய்விடும். இருட்டில் ஒரு உருவரை, அதில் இரண்டு கண், அவ்வளவு போதும். கறுப்பு மை காகிதத்தின்மேல் தடித்து நிற்கும். விரலால் தடவினால் தட்டுப்படும். கம்ப்யூட்டர் பிரிண்டரில் வரும் கறுப்புக்கு அந்தக் கனம் கிடையாது.

பயத்துக்கு முகம் வரைந்தவர்கள்

1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் கதிரியக்கச் சாம்பல் ‘லக்கி டிராகன் 5’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஒருவர் அந்தச் செப்டம்பரில் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 3 அன்று ஜப்பானியத் திரையில் காட்ஸில்லா கடலிலிருந்து எழுந்து வந்து டோக்கியோவை மிதித்தது. ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் பார்த்த மக்கள் தங்கள் பயத்துக்குக் கொடுத்த உருவம் அது. ரப்பர் உடைக்குள் நுழைந்து நடித்தவர் ஹருவோ நகாஜிமா என்ற நடிகர். மரத்தாலும் பிளாஸ்டராலும் கட்டிய குட்டி நகரத்தை மிதித்துத்தான் அந்தப் பேரழிவைக் காட்டினார்கள்.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் ராட்சதப் பட அச்சோவியம் ஏன் கைவேலையாக இருக்க வேண்டும் என்பது புரியும். அந்தப் படங்களே கைவேலைதான். 1933-ன் ‘கிங் காங்’ படத்தில் வில்லிஸ் ஓ’பிரையன் சுமார் ஒரு முழ உயரமே இருந்த பொம்மைக் குரங்கை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்தார். 1931-ன் ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தில் போரிஸ் கார்லாஃபின் முகத்தை ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் நாள்தோறும் மணிக்கணக்கில் உட்கார்ந்து கட்டினார். அந்தக் கைகளுக்கு இன்னொரு கைவேலைக்காரர் செய்யும் மரியாதைதான் அச்சோவியம்.

ஸ்கிரீன் பிரிண்டைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்களில் பெரிய பெயர் ஆண்டி வார்ஹால். மர்லின் மன்றோ படங்களுக்காக அவரை எல்லாரும் அறிவார்கள். அதே காலத்தில், 1963-ல், ‘டிராகுலா’ படத்தில் பேலா லுகோசி பெண்ணின் கழுத்தை நோக்கிக் குனியும் காட்சியை எடுத்து ‘தி கிஸ்’ என்ற ஸ்கிரீன் பிரிண்டாக அச்சிட்டார். 1981-ல் வெளியிட்ட ‘மித்ஸ்’ என்ற பத்து அச்சோவியத் தொகுப்பிலும் டிராகுலாவுக்கு ஓர் இடம் கொடுத்தார். பாலித்தீன் பையில் பெயர் போடும் தொழில் என்று ஒதுக்கப்பட்டதை அவர் அருங்காட்சியகச் சுவரில் ஏற்றினார்.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் ஒரு தியேட்டர் நிறுவனத்தின் துணைக்கடையாக வளர்ந்தது மாண்டோ. பழைய பூதப் படங்களுக்குப் புதிய ஓவியர்களைக் கொண்டு போஸ்டர் வரையவைத்து, குறைந்த எண்ணிக்கையில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து விற்றார்கள். 2011-ல் ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியின் ஆவணக் காப்பகமே அந்தப் போஸ்டர்களைச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஆப்பிரிக்காவின் கானா. 1980-களில் அங்கே வீடியோ பிளேயரையும் டிவியையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார்கள். விளம்பரத்துக்கு அச்சிட்ட போஸ்டர் இல்லை. உள்ளூர் ஓவியர்கள் கோதுமை மாவு மூட்டையைப் பிரித்துத் தைத்து, அதன்மேல் எண்ணெய் வண்ணத்தில் பூதங்களை வரைந்தார்கள். படத்தில் இல்லாத தலையும் வாலும்கூட அவர்கள் கற்பனையில் சேர்ந்துகொண்டன. மழையில் நனைந்து சுருட்டிக் கட்டித் திரிந்த அந்தச் சாக்குகள் இன்று உலகக் கலைக்கூடங்களில் தொங்குகின்றன. மாவுச் சாக்கில் அவர்கள் செய்ததை மஞ்சப்பையில் நம்மால் செய்ய முடியாதா?

நம் பூதங்களின் வரிசை

பிராங்கன்ஸ்டைனின் பூதத்தைத் தமிழில் முதலில் நடமாட வைத்தவர்களில் ஒருவர் சொ. விருத்தாசலம். 1906-ல் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, புதுமைப்பித்தன் என்ற பெயரில் எழுதியவர். மேரி ஷெல்லியின் 1818-ம் ஆண்டு நாவலை ‘பிரேத மனிதன்’ என்று தமிழாக்கினார். ‘காஞ்சனை’ என்ற பேய்க்கதையை எழுதிய கை அது. கடலூர் மண்ணில் பிறந்த, இந்த ஊரின் பெயரைத் தாங்கிய எழுத்தாளர் ஒருவர் உலகின் மிகப் பெயர்பெற்ற பூதத்தைத் தமிழுக்கு அழைத்துவந்தார் என்பது விருத்தாசலத்துக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி.

திரையிலும் நமக்குக் குறையில்லை. 1951-ல் ‘பாதாள பைரவி’. 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ‘காடு’ எடுத்தது. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. நம் யானைகளுக்குச் சடைமுடி போர்த்தி, அழிந்துபோன மாமத்துகளாக நடமாட வைத்தார்கள். சேலத்தில் இருந்த ஒரு ஸ்டூடியோ அந்தக் காலத்திலேயே ஹாலிவுட்டோடு சேர்ந்து ராட்சத மிருகப் படம் எடுத்திருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

1957-ல் ‘மாயா பஜார்’. எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக வந்து கல்யாண விருந்தை ஒரே ஆளாகக் காலிசெய்யும் காட்சியில், மார்கஸ் பார்ட்லியின் கேமரா செய்த வித்தையை இன்றைக்கும் வியக்கிறார்கள். 1967-ல் ‘பட்டணத்தில் பூதம்’. ஜாடிக்குள்ளிருந்து வந்த ஜாவர் சீதாராமன் குழந்தைகளின் செல்லப் பூதமானார். 1978-ல் விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’. 2012-ல் ‘அம்புலி’ தமிழின் முதல் ஸ்டீரியோஸ்கோபிக் த்ரீடி படமாக வந்தபோது அதில் பயமுறுத்தியது ஒரு மனித மிருகம்தான். 2018-ல் ‘2.0’ படத்தில் செல்போன்களால் உடம்பு கட்டிய ராட்சதப் பறவை சென்னையின்மேல் பறந்தது.

சினிமாவுக்கு முன்பே இந்தப் பட்டியல் தொடங்கிவிட்டது. நாயக்கர் காலக் கோயில் தூண்களில் பாயும் யாளி. ஊர் எல்லையில் பிதுங்கிய விழியோடு அரிவாள் பிடித்து உட்கார்ந்திருக்கும் முனீஸ்வரன். மயானக் கொள்ளையன்று வீதியில் வரும் வேஷங்கள். தெருக்கூத்தில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்ம முகம். கூவாகத்தில் பெரிய விழி விரித்துப் பார்க்கும் அரவான். இவர்களில் பலர் தட்டையான அடர்நிறத்திலும் தடித்த கறுப்புக் கோட்டிலும் தீட்டப்பட்டவர்கள். ஸ்கிரீன் பிரிண்ட் கேட்கும் வடிவம் இதுதான். வெளிநாட்டு ஓவியர் பாடுபட்டுத் தேடும் சித்திர மொழி நம் ஊர்ச் சுவரில் சுண்ணாம்பும் காவியுமாகக் காத்திருக்கிறது.

சென்னை செய்துகாட்டியது

‘கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து உலகச் சந்தையில் நிற்க முடியுமா?’ என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. 1994-ல் கீதா உல்ஃப் தொடங்கிய சென்னைப் பதிப்பகம் தாரா புக்ஸ். பசித்த சிங்கத்தின் கதை சொன்ன அவர்களது முதல் கைவேலைப் புத்தகத்தின் மாதிரியை ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் காட்டியபோது, கனடா நாட்டுப் பதிப்பாளர் ஒருவர் ஆயிரக்கணக்கான பிரதிகள் கேட்டார். அத்தனையையும் கையால் இழுத்துத்தான் ஆகவேண்டும். அந்தச் சவாலை ஏற்றவர் அச்சுக்காரர் ஆறுமுகம். அப்படி வளர்ந்ததுதான் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் என்ற அச்சுப் பட்டறை. அழைப்பிதழும் விளம்பரமும் அடிக்கப் பயன்பட்ட தொழில் அங்கே புத்தகக் கலையாக மாறியது.

2006-ல் வந்த அவர்களது ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ கறுப்புக் காகிதத்தில் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் ஊர்வேதி ஆகியோர் வரைந்த மரங்களைக் கொண்டது. பருத்திக் கழிவிலிருந்து செய்த காகிதம், பக்கம் பக்கமாகக் கையால் இழுத்த அச்சு, நூலால் தைத்த கட்டு. 2008-ல் இத்தாலியின் பொலோன்யா புத்தகக் கண்காட்சியில் ‘நியூ ஹொரைசன்ஸ்’ விருது அதற்குக் கிடைத்தது. 2017-ல் டோக்கியோவின் இதபாஷி கலை அருங்காட்சியகம் தாராவின் புத்தகங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

பூதத்துக்கும் அங்கே இடம் கிடைத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டக் கடற்கரை நூற்றுக்கணக்கானவர்களைப் பறிகொடுத்தது. அந்தச் செய்தி வங்காளத்துப் படுவா ஓவியர்களைப் போய்ச் சேர்ந்தது. கதையைச் சுருளில் வரைந்து பாட்டாகப் பாடிக்காட்டும் அவர்கள், சுனாமிக்கும் சுருள் வரைந்தார்கள். அவற்றில் கடல் ஒரு அரக்க முகத்தோடு எழுந்து வருகிறது. ஜோய்தேப், மொய்னா சித்ரகார் தம்பதியின் சுருளைத் தாரா ‘சுனாமி’ என்ற பெயரில் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து, மடித்து விரிக்கும் நூலாக்கியது. ஜப்பான் தன் துயரத்துக்குக் காட்ஸில்லாவை உருவாக்கியதுபோல, நம் கடற்கரையின் துயரத்துக்கும் ஒரு முகம் கிடைத்தது. அதை அச்சிட்டவர்கள் சென்னை அச்சுக்காரர்கள்.

சூளைக்குள் போகும் அச்சு

இப்போது விருத்தாசலத்துக்கு வருவோம். பக்கத்தில் நெய்வேலி. அந்த வட்டாரத்து வெள்ளைக் களிமண்தான் இந்த ஊரின் பீங்கான் தொழிலுக்கு அடித்தளம். பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. மின்சார ஃபியூஸ் கேரியர், கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலு பொம்மை, அலங்காரச் சாமான் என்று இங்கிருந்து போன பொருள்கள் தமிழ்நாட்டு வீடுகளில் எத்தனையோ. மண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிச் சுவர் கட்டியதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுகிறார்கள். பொம்மையை எடுத்துப் பிசிறு சீவிக் காயவைத்து, சூளையில் சுட்டு, கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சில் தோய்த்து மறுபடி சுடுகிறார்கள்.

சந்தையில் நிலைமை எளிதல்ல. பிளாஸ்டிக் வந்து மின்சாமான் வேலையைத் தின்றது. டைல்ஸ் என்றால் குஜராத்தின் மோர்பி, பூப்போட்ட பாத்திரம் என்றால் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா என்று நாடே பேசுகிறது. எண்ணிக்கையில் மோர்பியோடு மோத விருத்தாசலத்தால் ஆகாது. விலையிலும் ஆகாது. வேறு எங்கும் கிடைக்காத படத்தைக் கொடுத்தால் மட்டும்தான் இந்த ஊருக்குத் தனி இடம் கிடைக்கும்.

அந்தப் படத்தைப் பீங்கானில் ஏற்றும் வழி டிகால். சாதாரண மை சூளையில் எரிந்து சாம்பலாகும். அதனால் கோபால்ட் நீலம், இரும்பின் செம்பழுப்பு, குரோமியப் பச்சை போன்ற உலோக ஆக்ஸைடுகளை, சீக்கிரம் உருகும் கண்ணாடிப் பொடியோடும் எண்ணெயோடும் குழைத்து மையாக்குகிறார்கள். பசை பூசிய தனிக் காகிதத்தில் அந்த மையை ஸ்கிரீன் வைத்து இழுக்கிறார்கள். நிறங்கள் காய்ந்தபின், எல்லாவற்றின் மேலும் தெளிவான லாக்கர் ஒரு இழுப்பு.

பிறகு நடப்பது பார்க்கவேண்டிய வேலை. படத்தைக் கத்தரித்துத் தண்ணீரில் போட்டால் சிறிது நேரத்தில் பசை இளகும். காகிதம் கையில் நிற்க, படம் மட்டும் மெல்லிய தோலாக வழுக்கி வரும். அதைக் கிளேஸ் போட்ட தட்டின் மேல் உட்காரவைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ரப்பரால் நீவி, அடியில் இருக்கும் தண்ணீரையும் காற்றையும் வெளியேற்றுவார்கள். ஒரு சின்னக் குமிழி தங்கினாலும் சூட்டில் வெடித்துப் பூதத்தின் கன்னத்தில் ஓட்டை விழுந்துவிடும். காய்ந்ததும் சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டால் லாக்கர் எரிந்துபோகும். நிறம் உருகிக் கிளேஸோடு கலந்துவிடும். அதன்பின் வெயிலும் மழையும் கரையானும் அதைத் தொட முடியாது.

கடைசி வாக்கியத்தின் அருமை தமிழ் சினிமா வரலாறு தெரிந்தவர்களுக்குப் புரியும். தமிழின் முதல் பேசும் படமான 1931-ம் ஆண்டு ‘காளிதாஸ்’ படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. பழைய போஸ்டர்களோ பசை காயும் முன்பே அடுத்த போஸ்டரால் மூடப்பட்டவை, மாடு தின்றவை, மழையில் கரைந்தவை. நம் பூதங்களைச் சுட்ட பீங்கானில் பதித்துவைத்தால் அவை தலைமுறைகளைத் தாண்டி நிற்கும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் உரிமை விஷயத்தில் தெளிவு வேண்டும். படத்தின் ஸ்டில்லை அப்படியே எடுத்து அச்சிடுவது கலையும் ஆகாது, சட்டப்படியும் சரியல்ல. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பழைய படங்களுக்குள் கதை, பாட்டு, ஓவியம் என்று தனித்தனி உரிமைகளும் இருக்கலாம். அதனால் சுத்தமான வழி ஒன்றுதான். படம் தந்த பயத்தை எடுத்துக்கொண்டு, பூதத்தைத் தன் கையால் புதிதாக வரைய வேண்டும். யாளியும் முனீஸ்வரனும் கடோத்கஜனும் எல்லாருக்கும் பொதுச் சொத்து. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இரண்டாவது, பாதுகாப்பு. மலிவான பீங்கான் நிறங்களில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். சாப்பிடும் தட்டிலும் குடிக்கும் கோப்பையிலும் அந்த நச்சு இல்லாத நிறங்களைத்தான் பயன்படுத்த வேண்டும். சுவரில் மாட்டும் தட்டு, டைல், கொலு பொம்மையில் தொடங்குவது நல்லது.

மூன்றாவதுதான் முக்கியம், ஆட்களைச் சேர்ப்பது. கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-லிருந்து நடக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களுக்குக் கோடு வரும், கற்பனை வரும், சூளை கிடையாது. விருத்தாசலத்து மாணவர்களுக்கு மண்ணும் சூடும் கிளேஸும் தெரியும். ஓவியரின் தோழமை கிடைப்பதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்காரருக்கு இழுப்பு தெரியும். அவரை யாரும் கலைஞர் என்று கூப்பிட்டதில்லை. இந்த மூவரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்தால் போதும். கோடை விடுமுறையில் ஒரு பயிலரங்கு. நவராத்திரிக்கு முன் ஒரு விற்பனைக் கண்காட்சி. கொலுப்படியில் வழக்கமான செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில், விருத்தாசலத்தில் சுட்ட ஒரு கடோத்கஜன் நின்றால் எந்தக் குழந்தை வேண்டாமென்று சொல்லும்?

ஒவ்வொரு படிக்கும் எண் போட வேண்டும். அச்சிட்டவர் பெயரும் சுட்டவர் பெயரும் அடியில் இருக்க வேண்டும். நம் கைத்தொழில்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது செய்தவரின் பெயர்தான். வெளிநாட்டில் ஒரு அச்சோவியம் மதிப்புப் பெறுவது அதில் இருக்கும் கையெழுத்தாலும் எண்ணாலும். நம் அச்சுக்காரருக்கும் அந்த மரியாதை வேண்டும்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள்: பீங்கான் தொழில்நுட்பப் படிப்பில் டிகால் ஸ்கிரீன் பிரிண்டிங்கை ஓவியத்தோடு சேர்த்துத் தனிப் பாடமாகவே வையுங்கள், தொழிற்பேட்டையில் இளைஞர்கள் வாடகைக்குப் பயன்படுத்த ஒரு பொதுச் சூளையும் அச்சு மேசையும் அமையுங்கள். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கார்த்திகைக்கு அகல் வாங்கும்போதும், அடுத்த கல்யாணத்துக்குப் பை அடிக்கும்போதும், பூவும் பொட்டும் தாண்டி ஒரு யாளியை, ஒரு கடோத்கஜனை, ஒரு முனியைக் கேட்டுப் பாருங்கள். கேட்பவர் இருந்தால் வரைபவர் வருவார். வரைபவர் வந்தால் விருத்தாசலத்துச் சூளைக்கு வேலை வரும்.